சூடான் போர்: சமாதான அழைப்புகளும் அடைபட்ட நிவாரணப் பாதைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போரைப் பற்றிச் செய்தி படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. போரை நிறுத்துங்கள், நிவாரணத்துக்கு வழிவிடுங்கள் என்று ஏதாவது ஒரு நாடோ அமைப்போ அழைப்பு விடுத்தபடியே இருக்கிறது; பசியும் கொலையும் நின்றபாடில்லை. அந்த அழைப்புகள் எங்கே தடைபடுகின்றன, எப்போது ஓரளவாவது பலித்திருக்கின்றன என்பதை 2025 டிசம்பர் வரையிலான நிலவரத்தைக் கொண்டு இந்தப் பக்கம் விளக்குகிறது.

போரிடும் இரு தரப்பினர் யார்?

ஜெனரல் அப்தெல் ஃபத்தா அல் புர்ஹான் தலைமையிலான சூடான் ராணுவம் ஒரு தரப்பு. ஹெமெட்டி என்று பரவலாக அறியப்படும் முகமது ஹம்தான் டகாலோவின் தலைமையில் இயங்கும் விரைவு ஆதரவுப் படை மறு தரப்பு. நாட்டின் மேற்கிலுள்ள டார்ஃபூரில் 2003 முதல் கிராமங்களை எரித்த ஜன்ஜவீத் ஆயுதக் குழுக்களிலிருந்து 2013-இல் உருவாக்கப்பட்ட துணைப்படை அது. மக்கள் எழுச்சியால் 2019-இல் அதிபர் ஒமர் அல் பஷீர் வீழ்ந்த பிறகு, இந்த இரு தளபதிகளும் சேர்ந்துதான் 2021 அக்டோபரில் இடைக்கால அரசைக் கவிழ்த்தனர். துணைப்படையை எத்தனை ஆண்டுகளுக்குள் ராணுவத்தோடு இணைப்பது, யார் கட்டளையின் கீழ் இணைப்பது என்ற தகராறு முற்றி, 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் சண்டையாக வெடித்தது. அதன் பிறகு 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு ஓடியிருக்கிறார்கள்.

‘மனிதாபிமான அணுகல்’ என்று அறிக்கைகளில் வருவது நடைமுறையில் எதைக் குறிக்கிறது?

ஒரு லாரி சோளம் துறைமுகத்திலிருந்து ஒரு முகாமின் அடுப்பு வரை போய்ச் சேருவதற்குத் தேவையான அனைத்தையும் குறிக்கிறது. வெளிநாட்டு ஊழியருக்கு விசா வேண்டும். கார்ட்டூமில் சண்டை மூண்டதால் செங்கடல் துறைமுக நகரான போர்ட் சூடானுக்கு இடம்பெயர்ந்த, ராணுவத் தரப்பு அரசின் மனிதாபிமான உதவி ஆணையம் பயண அனுமதி தர வேண்டும். துணைப்படையின் பகுதிக்குள் நுழைந்ததும், அவர்கள் தனியாக வைத்திருக்கும் நிவாரண முகமை இன்னொரு அனுமதி தர வேண்டும். வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் அந்தத் தாள்களை மதிக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டி நின்றுவிடும். உதவியை மறுக்கிறோம் என்று எந்தத் தளபதியும் மேடையில் சொல்வதில்லை. கையெழுத்து தாமதமாகிறது, அவ்வளவுதான். அதனால், இரு தரப்பும் ‘கொள்கையளவில்’ நிவாரணத்தை ஏற்றுக்கொண்டதாக வரும் செய்தியைப் படித்தவுடன் நிம்மதி அடைந்துவிட முடியாது.

ஜெத்தா பிரகடனம் ஏன் நிலைக்கவில்லை?

சண்டை தொடங்கி நான்கே வாரங்களில், 2023 மே 11 அன்று, சவூதி அரேபியாவும் அமெரிக்காவும் முன்னின்று ஜெத்தாவில் ஓர் உடன்பாட்டை எட்டச் செய்தன. பொதுமக்களைத் தாக்கக் கூடாது, மருத்துவமனைகளிலிருந்து படைகள் விலக வேண்டும், நிவாரணப் பொருள்களைத் தடுக்கக் கூடாது, தெருக்களில் கிடக்கும் உடல்களை எடுத்து அடக்கம் செய்ய அனுமதிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. சொல்லப்பட வேண்டியவை ஏறத்தாழ எல்லாமே சொல்லப்பட்ட ஆவணம் அது. அடுத்து மே 20-இல் ஏழு நாள் போர்நிறுத்தத்துக்கும் கையெழுத்தாகி, அதைக் கவனிக்க ஒரு குழுவும் அமைக்கப்பட்டது.

கண்காணிப்பில்தான் கோளாறு இருந்தது. கார்ட்டூமின் தெருக்களில் நின்று மீறலைப் பார்த்துப் பதிவு செய்ய நடுநிலையாளர் ஒருவரும் இல்லை; குழு ஜெத்தாவில் உட்கார்ந்துகொண்டு தொலைவிலிருந்து கவனித்தது. துணைப்படையினர் வீடுகளையும் மருத்துவமனைகளையும் காலி செய்யவில்லை என்று ராணுவம் குற்றம் சாட்டியது. ராணுவம் வான்தாக்குதலை நிறுத்தவில்லை என்று துணைப்படை குற்றம் சாட்டியது. இரண்டிலும் உண்மை இருந்தது. மே 31-இல் ராணுவம் பேச்சிலிருந்து விலகியது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் மீண்டும் கூடி, நிவாரணத்துக்கு வழிவிடுவதாக நவம்பரில் வாக்களித்தனர். டிசம்பருக்குள் அதுவும் முறிந்தது.

ஐ.நா. பாதுகாப்புச் சபை என்ன செய்தது?

2024 மார்ச் 8 அன்று, ரமலான் மாதம் முழுவதும் சண்டையை நிறுத்தும்படி 2724-ஆம் தீர்மானம் நிறைவேறியது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. நோன்பு தொடங்கிய இரண்டொரு நாளிலேயே, மார்ச் 12 அன்று, ஓம்துர்மானில் உள்ள அரசு வானொலி, தொலைக்காட்சித் தலைமையகத்தை ராணுவம் மீட்டது. சண்டை ஒரு நாள்கூட ஓயவில்லை. வடக்கு டார்ஃபூரின் தலைநகரான எல் ஃபாஷரின் முற்றுகையைக் கைவிட வேண்டும் என்று துணைப்படையைப் பெயர் சொல்லிக் கேட்ட 2736-ஆம் தீர்மானம் ஜூன் 13 அன்று நிறைவேறியது. அதையும் துணைப்படை பொருட்படுத்தவில்லை. பிரிட்டனும் சியரா லியோனும் கொண்டுவந்த மூன்றாவது வரைவை நவம்பர் 18 அன்று ரஷ்யா தன் வீட்டோவால் தடுத்தது. சூடானின் இறையாண்மையை மதிக்கவில்லை என்பது அது சொன்ன காரணம். மற்ற பதினான்கு உறுப்பு நாடுகளும் அந்த வரைவை ஆதரித்திருந்தன.

இடையில் இன்னொன்றும் நடந்தது. சூடானில் இருந்த ஐ.நா. அரசியல் தூதுக்குழு, அந்நாட்டு அரசின் வற்புறுத்தலால் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. போர் உச்சத்தில் இருந்தபோது களத்தில் இருந்த கண்களைச் சபையே விலக்கிக்கொண்டது. என் பார்வையில், பிந்தைய தீர்மானங்களின் வலுவைக் குறைத்த முடிவு அதுவே.

ஆப்பிரிக்க அமைப்புகள் முயலவில்லையா?

முயன்றன. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான இகாட் 2023 டிசம்பரில் ஜிபூட்டியில் கூடி, இரு தளபதிகளையும் நேருக்கு நேர் சந்திக்க வைக்கப் பார்த்தது. சந்திப்பு நடக்கவில்லை, அடுத்த மாதமே சூடான் அரசு அந்த அமைப்பில் தன் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. ஆப்பிரிக்க ஒன்றியமோ 2021 ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடர்ந்து சூடானை ஏற்கெனவே இடைநீக்கம் செய்திருந்தது.

அரசு மறுத்தால், அனுமதி இல்லாமலே உணவு கொண்டு செல்லக் கூடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவரின் கோபம் நியாயமானது. பொதுமக்களைப் பட்டினி போட்டுப் போர் செய்வதைச் சர்வதேசச் சட்டம் தடை செய்கிறது. ஜெனீவா ஒப்பந்தங்களின் இரண்டாம் கூடுதல் நெறிமுறை உள்நாட்டுப் போருக்கும் அதை விதிக்கிறது. பாதுகாப்புச் சபையின் 2417-ஆம் தீர்மானம் 2018-இல் அதை வலியுறுத்தியது. ஆனால் அதே நெறிமுறை, வெளியிலிருந்து வரும் நிவாரணம் அந்நாட்டு அரசின் இசைவோடு நடக்க வேண்டும் என்கிறது, ஐ.நா.வின் நிவாரணப் பணிகளுக்கு அடிப்படையான 1991-ஆம் ஆண்டின் 46/182-ஆம் தீர்மானமும் அப்படியே. இசைவைக் காரணமின்றி மறுக்கக் கூடாது என்பதே சட்ட வல்லுநர்களின் பொதுவான கருத்து. எனினும், காரணமின்றி மறுக்கப்பட்டது என்று தீர்ப்புச் சொல்லி, மீறிச் செல்ல உத்தரவிடும் அதிகாரம் பாதுகாப்புச் சபையிடம்தான் இருக்கிறது. சிரியாவில் 2014-இல் 2165-ஆம் தீர்மானத்தின் மூலம் அது அவ்வாறு செய்தது. சூடானுக்கு அப்படி ஒரு தீர்மானம் வரவில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. டார்ஃபூரின் மேற்கு எல்லையில் பெரும்பகுதி ராணுவத்தின் கையில் இல்லாத காலத்திலும், அந்த எல்லையைத் திறக்கவும் மூடவும் உரிமை கொண்டதாக ஐ.நா. ஏற்றுக்கொண்டது போர்ட் சூடானில் இருந்த அரசைத்தான்.

ஆத்ரே எல்லைக் கடவையை எல்லோரும் ஏன் குறிப்பிடுகிறார்கள்?

ஆத்ரே, சாட் நாட்டின் கிழக்கு விளிம்பில் இருக்கும் சிறு ஊர். அங்கிருந்து மேற்கு டார்ஃபூரின் தலைநகரான எல் ஜெனீனா ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போர்ட் சூடானிலிருந்து அதே ஊருக்கு வர, நாட்டின் குறுக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், பல போர்முனைகளைக் கடந்து வர வேண்டும். ஆத்ரே வழியாக ஆயுதம் கடத்தப்படுகிறது என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் சூடான் அரசு அந்தக் கடவைக்குக் கொடுத்திருந்த இசைவைத் திரும்பப் பெற்றது. வடக்கே தீனே என்ற கடவையை மட்டும் அனுமதித்தது. மணலும் காட்டாறுகளும் நிறைந்த அந்தச் சுற்றுவழி மழைக்காலத்தில் துண்டிக்கப்பட்டுவிடும்.

மூடப்பட்டிருந்த மாதங்களில் ஆத்ரேயில் நடந்ததைச் செய்தியாளர்கள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எல்லை என்பது வறண்ட ஓர் ஓடை. கழுதை வண்டிகளிலும் குதிரை வண்டிகளிலும் வியாபாரச் சரக்கு போய்வந்துகொண்டிருந்தது. அகதிகள் நடந்து வந்தார்கள். போகக் கூடாதவை ஐ.நா.வின் கோதுமையும் சோளமும் ஏற்றிய லாரிகள் மட்டுமே. ஆயுதத்தைத் தடுப்பதற்காக எல்லை மூடப்பட்டது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. அதே பிப்ரவரியில்தான், வடக்கு டார்ஃபூரில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழந்தையாவது இறப்பதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கணித்துச் சொன்னது.

ஆகஸ்ட் 1 அன்று ஸம்ஸம் முகாமில் பஞ்சம் நிலவுவதாகச் சர்வதேசப் பஞ்ச ஆய்வு நிபுணர் குழு அறிவித்தது. அந்த மாதம் அமெரிக்காவும் ஸ்விட்சர்லாந்தும் ஜெனீவாவில் பேச்சுவார்த்தை கூட்டின. ராணுவம் வரவில்லை, எனவே போர்நிறுத்தம் பற்றிப் பேச எதிர்த்தரப்பே இல்லை. ஆனால் கூடியிருந்தவர்கள் கலைந்து போகாமல், குறிப்பிட்ட இரண்டு வழிகளைத் திறக்கும்படி தொலைபேசியிலேயே இரு தரப்பையும் நெருக்கினார்கள். ஆத்ரே மூன்று மாதங்களுக்குத் திறக்கப்படும் என்று ஆகஸ்ட் 15-இல் அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 20 அன்று சோளம், பருப்பு, எண்ணெய், அரிசி ஏற்றிய முதல் லாரிகள் ஓடையைக் கடந்தன. அந்த இசைவு தவணை தவணையாக 2025 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது.

ஆறு மாதத் தாமதத்துக்கு விலை இருந்தது. லாரிகள் கடந்தபோது மழைக்காலம் உச்சத்தில் இருந்தது. எல் ஜெனீனாவிலிருந்து கிழக்கே போகும் வழியிலிருந்த மோர்னி பாலம் அந்த மாதமே வெள்ளத்தில் இடிந்தது. இருந்தாலும், இந்தப் போரில் வெளியுலகப் பேச்சுவார்த்தை எதையாவது சாதித்தது என்றால் அது ஆத்ரேதான். எந்த வாயில், எந்த நாளிலிருந்து, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று குறிப்பாகக் கேட்கப்பட்டதே அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

எல் ஃபாஷர் விஷயத்தில் அதே வழி ஏன் பலிக்கவில்லை?

அந்த நகரைப் பசியால் வீழ்த்துவதே முற்றுகையிட்டவர்களின் திட்டமாக இருந்தது. உணவை உள்ளே விடுவது என்றால் திட்டத்தைக் கைவிடுவது என்று பொருள். துணைப்படையின் முற்றுகை 2024 மே முதல் இறுகியது. 2025 ஏப்ரலில் அருகிலிருந்த ஸம்ஸம் முகாமே தாக்கி அழிக்கப்பட்டு, லட்சக்கணக்கானோர் மறுபடி ஓடினார்கள். முகாமின் கடைசி மருத்துவமனையில் பணியாற்றியவர்களும் கொல்லப்பட்டார்கள். நகரைச் சுற்றி 50 கிலோமீட்டருக்கும் மேல் மண்கரை எழுப்பப்பட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. உள்ளே இருந்தவர்கள் அம்பாஸ் எனப்படும் கடலைப் புண்ணாக்கைத் தின்று உயிர் பிடித்திருந்தார்கள். எண்ணெய் ஆட்டிய பிறகு மாட்டுக்கு வைக்கும் அந்தப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, கிளறி, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் அதுவும் கிடைக்கவில்லை.

வெளியிலிருந்து முயற்சி நடக்காமல் இல்லை. 1,800 கிலோமீட்டர் பயணம் செய்து வந்த உலக உணவுத் திட்டம், யுனிசெஃப் அமைப்புகளின் 15 லாரிகள், நகரை நெருங்கி அல் கூமாவில் காத்திருந்தபோது, 2025 ஜூன் 2 இரவு தாக்கப்பட்டன. ஐந்து பேர் இறந்தனர். வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பது இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. அந்த மாத இறுதியில் ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் ஒரு வார இடைநிறுத்தம் கேட்டார். புர்ஹான் சம்மதித்தார், துணைப்படை சம்மதிக்கவில்லை.

அக்டோபர் 26 அன்று நகரம் வீழ்ந்தது. அங்கே எஞ்சியிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு தெரிவித்தது. இது நடக்கும் என்று ஒன்றரை ஆண்டாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. 2736-ஆம் தீர்மானம் அந்த எச்சரிக்கையையே எழுத்தில் பதித்திருந்தது. மீறினால் என்ன நேரும் என்ற வரி அதில் இல்லை.

அழைப்பு விடுக்கும் நாடுகளே போருக்கு உதவுகின்றன என்பது உண்மையா?

துணைப்படைக்குச் சாட் நாட்டின் அம்ஜராஸ் வழியாக ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆயுதம் அனுப்புவதாக எழுந்த குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் எழுதியது. எமிரேட்ஸ் அதைத் தொடர்ந்து மறுக்கிறது. சூடான் தொடுத்த இனப்படுகொலை வழக்கைச் சர்வதேச நீதிமன்றம் 2025 மே 5 அன்று, தனக்கு விசாரணை அதிகாரம் இல்லை என்ற காரணத்தால் தள்ளுபடி செய்தது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதற்குள் அது போகவில்லை. எகிப்தோ சூடான் ராணுவத்தின் பக்கம் நிற்கிறது. டார்ஃபூருக்கு ஆயுதம் அனுப்பக் கூடாது என்ற பாதுகாப்புச் சபையின் தடை 2000-களின் நடுப்பகுதியிலிருந்தே இருந்தும், அதை மீறியதற்காக எந்த அரசும் விலை கொடுக்கவில்லை.

2025 ஏப்ரல் 15 அன்று லண்டனில் கூடிய மாநாடு, எகிப்து, சவூதி அரேபியா, எமிரேட்ஸ் ஆகியவற்றின் கருத்து வேறுபாட்டால் ஒரு கூட்டறிக்கையைக்கூட வெளியிட முடியாமல் முடிந்ததற்கு இந்தப் பின்னணிதான் காரணம்.

இரு தரப்பும் ஒரே அளவு குற்றவாளிகளா?

இல்லை, ஆனால் இரு தரப்பும் குற்றவாளிகள். எல் ஜெனீனாவில் 2023-இல் மசாலித் இன மக்கள் கொன்று குவிக்கப்பட்டதில் துணைப்படையின் பொறுப்பு தனித்தன்மையானது. அது இனப்படுகொலை செய்ததாக அமெரிக்கா 2025 ஜனவரியில் அறிவித்தது. ராணுவம் சந்தைகளின் மீது குண்டு வீசியது, நிவாரண அனுமதியை ஆயுதமாகப் பயன்படுத்தியது. ‘இரு தரப்பையும் கேட்டுக்கொள்கிறோம்’ என்ற பொதுவான வாசகம், வாயிலை மூடியவர் யார், நகரை முற்றுகையிட்டவர் யார் என்பதை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு தடைக்கும் அதற்குப் பொறுப்பானவரின் பெயரைச் சொல்வதே நடுநிலை.

சூடானில் இதற்கு முன் எப்போதாவது இது பலித்ததா?

பலித்திருக்கிறது. தெற்கில் 1988-இல் பெரும் பஞ்சம் வந்தபின், 1989-இல் அரசும் கிளர்ச்சிப் படையும் ஐ.நா.வும் சேர்ந்து ‘சூடான் உயிர்க்கயிறு’ நடவடிக்கைக்கு உடன்பட்டன. கிளர்ச்சியாளர் பகுதிக்கும் அரசின் சம்மதத்தோடு உணவு போனது அன்று புதுமை. ஆனால் எந்த ஓடுதளத்தில் விமானம் இறங்கலாம் என்பதை அரசு மாதந்தோறும் முடிவு செய்தது. 1998-இல் விமானங்களைத் தடுத்தபோது பஹர் அல் கஸால் பகுதியில் மீண்டும் பஞ்சம் வந்தது. தெற்கு கோர்டோஃபானிலுள்ள நூபா மலைப்பகுதியோ அந்த ஏற்பாட்டுக்கு வெளியிலேயே விடப்பட்டது.

அந்த நூபா மலைக்கே 2002 ஜனவரியில் தனிப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஸ்விட்சர்லாந்தின் பூர்கன்ஸ்டாக்கில் ஸ்விஸ் அரசும் அமெரிக்காவும் அதற்கு நடுவர்களாக இருந்தன. ஆயுதமில்லாத வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள், இரு தரப்பு அதிகாரிகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு, புகார் வந்த கிராமத்துக்கே போய் விசாரித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்ட அந்த உடன்பாடு, 2005-இல் முழு சமாதான ஒப்பந்தம் வரும்வரை பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. ஜெத்தாவில் விடுபட்டது இதுதான்.

லாரி போக முடியாத இடங்களில் மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

அவசர உதவி அறைகள் என்று அழைக்கப்படும் உள்ளூர்த் தன்னார்வக் குழுக்களால்தான். 2019 எழுச்சியின் தெருக் குழுக்களில் இருந்த இளைஞர்களும் பெண்களும் பொதுச் சமையலறைகள் நடத்துகிறார்கள். ஓர் அண்டாவில் பருப்போ மொச்சையோ வேகவைத்து, பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் பணம் ‘பாங்கக்’ என்ற வங்கிச் செயலி வழியாக வருகிறது. ஆகவே தொலைத்தொடர்பு அறுந்தால் அடுப்பும் அணைந்துவிடும். 2024 பிப்ரவரியில் அப்படித்தான் நடந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது நூற்றுக்கணக்கான சமையலறைகள் மூடப்பட்டன. இரு தரப்பும் இந்தத் தன்னார்வலர்களை எதிரியின் ஆள் என்று சந்தேகித்துப் பிடித்துச் செல்கின்றன. இவர்களுக்கு 2025-இல் நார்வேயின் ராஃப்டோ மனித உரிமைப் பரிசு கிடைத்தது. பேச்சுவார்த்தை மேசையில் இடம் கிடைக்கவில்லை.

நான்கு நாடுகள் முன்வைத்த திட்டம் எந்த நிலையில் இருக்கிறது?

அமெரிக்கா, சவூதி அரேபியா, எகிப்து, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆகியவை 2025 செப்டம்பர் 12 அன்று ஒரு திட்டத்தை வெளியிட்டன: மூன்று மாத மனிதாபிமானப் போர்நிறுத்தம், பிறகு நிரந்தரப் போர்நிறுத்தம், அடுத்து ஒன்பது மாதங்களுக்குள் குடிமக்கள் ஆட்சிக்கு மாறுதல். எல் ஃபாஷரைக் கைப்பற்றிய பின், நவம்பர் 6 அன்று துணைப்படை அதை ஏற்பதாகச் சொன்னது. சண்டையோ டார்ஃபூருக்குக் கிழக்கே உள்ள கோர்டோஃபான் பகுதிக்கு நகர்ந்தது. எமிரேட்ஸ் இடம்பெற்றிருக்கும் நடுவர் குழுவை நம்ப முடியாது என்று புர்ஹான் திட்டத்தை நிராகரித்தார். வெளியிலிருந்து வரும் ராணுவ உதவி நிற்க வேண்டும் என்று அந்த நான்கு நாடுகளும் அதே அறிக்கையில் எழுதியிருக்கின்றன. அந்த வரியை முதலில் அவை தங்களுக்குள் நிறைவேற்றிக் காட்டினால், மற்றவற்றைக் கேட்கும் தகுதி அவற்றுக்கு வரும்.

போர் முடியும் வரை காத்திராமல் இப்போதே கேட்கப்பட வேண்டியவை என்ன?

ஆத்ரேக்குத் தவணை முறையில் இசைவு கொடுப்பதை விட்டு, காலவரம்பின்றித் திறந்து வைக்க வேண்டும். ஒவ்வொரு தவணை முடியும்போதும் நிவாரண அமைப்புகள் விதைகளையும் மருந்தையும் முன்கூட்டி அனுப்பத் தயங்குகின்றன. எல் ஃபாஷரோடு சேர்த்து 2025 நவம்பரில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்ட காதுக்லிக்கும், அதன் அருகே 2025 இறுதியில் முற்றுகையில் இருந்த தில்லிங்குக்கும் நாள் குறித்து, வழி குறித்து இசைவு பெற வேண்டும். இரண்டும் 2002-இல் கண்காணிப்பாளர்கள் போன அதே நூபா பகுதியில்தான் இருக்கின்றன.  பொதுச் சமையலறைகளுக்குப் போகும் சிறு தொகைகளை வங்கி விதிகள் தடுக்காமல் இருக்க வேண்டும். தன்னார்வலர்களைக் கைது செய்யக் கூடாது என்பதை எந்த உடன்பாட்டிலும் தனி விதியாக எழுத வேண்டும். எல் ஃபாஷரிலிருந்து மேற்கே தவீலாவுக்கு நடந்து தப்பியவர்கள் அங்கே வைக்கோல் தடுப்புகளுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கான உணவும் மருந்தும் பெரும்பாலும் ஆத்ரே வழியாகத்தான் வர வேண்டும்.